ஓடும் கால்களும் ஓடும் மனமும்

மும்பை மரைன் டிரைவில் விடியற்காலையில் தனியே ஓடுகிறார் ஓர் அன்பர். கால்கள் கடலோரத்தில், மனமோ தம்பியுடன் நேர்ந்த சொத்துத் தகராறில். ஜபமாவது செய்திருக்கலாமே, மனத்தை இப்படி அலையவிட்டோமே என்று வருந்துகிறார். அத்தனை வருத்தம் தேவையில்லை. மனம் காற்றைப்போல் அடக்குதற்கரியது என்று கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் முறையிட்டபோது பகவான் அதை மறுக்கவில்லை. பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் வசப்படும் என்றார்.

அப்பயிற்சிக்கு 1896-இல் வெளிவந்த 'ராஜயோகம்' நூலில் சுவாமி விவேகானந்தர் காட்டும் தொடக்கம் வியப்பளிப்பது: மனத்தை அதன் போக்கில் ஓடவிட்டு, சாட்சியாக நின்று கவனிக்க வேண்டும். அமர்ந்து செய்யச் சொன்னார் சுவாமிஜி; ஓடுபவருக்கும் அது பொருந்தும், சாலையைக் கடக்கும்போது தவிர! கோபத்துடன் சேர்ந்து ஓடுவது வேறு, கோபம் ஓடுவதைக் காண்பது வேறு.

நாரிமன் முனையில் திரும்புகையில், தம்பி சொன்னதைவிடத் தாம் தம்பியிடம் சொன்ன சுடுசொல்லே அந்த அன்பருக்கு மீண்டும் மீண்டும் கேட்கிறது.