அடைமொழியும் இயற்பெயரும்

புதிதாக அறிமுகமாகும் ஒருவர் 'நீங்கள் யார்?' என்று வினவினால் நாம் என்ன விடை கூறுகிறோம்? பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே தொழிலைச் சொல்லிவிடுகிறோம். கேட்டவரும் அதனோடு நிறைவடைந்துவிடுகிறார். அவ்வாறாயின், அத்தொழில் நீங்கும் நாளில் எஞ்சி நிற்பவர் யார்? மலேசியாவில் அரசுப் பணியாளரின் கட்டாய ஓய்வு வயது 2012இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் தலைமையாசிரியனாகிய எனக்கு இவ்வினா வெறும் தத்துவ வினாவாகத் தோன்றவில்லை.

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இவ்வினா புதிதன்று. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவரால் தொடங்கப்பட்டது. இம்மலைச் சரிவுகளில் கொழுந்து கிள்ளியும் கவாத்து வெட்டியும் வாழ்ந்த நம் முன்னோரை அக்காலத்தார் எப்பெயரால் அழைத்தனர்? 'கூலி' என்றனர். உழைப்புக்குத் தரும் ஊதியத்தின் பெயர், உழைத்தவனுக்கே ஆகுபெயராயிற்று! லயத்து வீடும் வேலையோடு பிணைந்தே இருந்தது. கிராணியார் வீட்டுப் பிள்ளை, தண்டல் வீட்டுப் பிள்ளை என்று குழந்தைகளும் பெற்றோரின் தொழிலாலேயே அறியப்பட்டனர். பிறர் சுமத்திய அப்பெயரை உதறவே கல்வியை நாடினோம். கற்றுத் தேர்ந்தபின், வேறொரு தொழிற்பெயரை நாமே விரும்பி அணிந்துகொண்டோம். அதற்குள் நாம் மறைந்துபோனதை மட்டும் உணரவில்லை.

இதனை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவி ஒருவர். திரிங்காப்பில் வளர்ந்த அவர் இன்று பேச்சுச் சிகிச்சையாளர். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கிய பேச்சு அறிவியல் படிப்பு, நம் நாட்டில் இத்துறைக்கு வழி திறந்தது. திக்கிப் பேசும் சிறுவர்க்கும், பக்கவாதத்தால் சொல்லிழந்த முதியோர்க்கும் பேச்சை மீட்டுத் தரும் அரும்பணி அது. விடுமுறையில் என்னைக் காண வந்த அவர் கலங்கிய குரலில் கூறினார்:

"ஐயா, நேற்று இரவு பாட்டி தம் இளமைக் கதையை எனக்குச் சொன்னார். ஒரு மணி நேரம் எதிரில் அமர்ந்திருந்தேன். பல் விழுந்த வாயில் ழகரம் எப்படித் திரிகிறது, நா எங்கே பொருந்துகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கதை முடிந்தபோது அவர் என்ன சொன்னார் என்பதே எனக்குத் தெரியவில்லை. மருத்துவமனையில் கழற்ற வேண்டிய காதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன் போலும்."

ஆறுதல் கூறி அனுப்பினேன். ஆனால், அவருக்கு ஆறுதல் கூறும் தகுதி எனக்கில்லை என்பதைச் சில நாள்களில் அறிந்தேன். பழைய தாள்களை ஒழுங்குபடுத்தியபோது, 1990இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த எனக்கு என் தந்தையார் எழுதிய கடிதம் கிடைத்தது. கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையால் அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது. 'கம்பளி சட்டை ஒன்று அனுப்பி கொடுத்திருக்கிறேன், அளவு சரியா என்று எழுது' என்றிருந்தது. 'கம்பளி' என்பதன்பின் ஒரு 'ச்', 'அனுப்பி' என்பதன்பின் ஒரு 'க்'. இரண்டும் சிவப்பு மையில், என் கையெழுத்தில்! அளவு சரியென்று அவருக்கு விடை எழுதினேனா? நினைவில்லை. ஒற்றுப்பிழையைத் திருத்தியதற்குத்தான் சான்று இருக்கிறது.

இங்கே நம் இலக்கணமே ஒரு வழி காட்டுகிறது. தொழில், கல்வி முதலியவற்றால் வரும் சிறப்புப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து வருமிடத்து, சிறப்புப்பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருதல் வேண்டும் என்பது தொல்காப்பியமும் நன்னூலும் கூறும் மரபு. தொழில் முன்னே வரலாம். ஆயினும் அது பெயரை விழுங்கிவிடுவதில்லை. சங்கப் புலவர் பெயர்களைப் பாருங்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். துணி விற்றவரும் பொன் உருக்கியவரும் நோய் தீர்த்தவரும் தம் தொழிலை மறைக்கவில்லை. எனினும் அம்மருத்துவர் புறநானூற்றில் உச்சி வானத்து முழுநிலவைக் கண்டபோது அவர் நினைவுக்கு வந்தது மருந்தன்று. தம் சோழ வேந்தனின் வெண்கொற்றக் குடையே. நிலவைக் கண்டது தாமோதரனாரின் கண்.

'தொழிலில் முழுதும் கரைந்துபோவதன்றோ அறம்? அரை மனத்தோடு கற்பிப்பவன் நல்லாசிரியன் ஆவானா?' என்று சிலர் வினவலாம். தக்க வினாவே. தொழிலைப் பழிப்பது என் கருத்தன்று. அரைகுறையாகச் செய்யுமாறும் கூறவில்லை. ஆயின், தொழில் நமக்குத் தருவது ஒரு தனிப் பார்வை. பிழை காணும் கண் வகுப்பறையில் அறம். தந்தையின் கடிதத்தின்மேல் அதுவே கொடுமை. மேலும், பிறரைக் குறையாக மட்டுமே காணப் பழகியவன் தன் தொழிலிலும் தேய்கிறான். குழந்தையின் திக்கலைக் கேட்பவர், அக்குழந்தை சொல்ல வந்ததையும் கேட்டால்தானே சிகிச்சை முழுமையுறும்?

அம்மாணவி மீண்டும் வந்தபோது, பாட்டியிடம் அக்கதையை மறுபடியும் கேட்டதாகக் கூறினார். சிறுமியாய் இருந்தபோது பனிமூட்டத்தில் தேயிலைச் சரிவில் வழி தவறியதும், கொழுந்து கிள்ளிய பெண்களின் பாட்டொலியைப் பின்பற்றியே வீடு சேர்ந்ததுமான கதை அது. "இம்முறை பேத்தியாகக் கேட்டேன், ஐயா" என்றார். தொழிலுக்கு வெளியே தம்மைத் தேடி அவர் நெடுந்தொலைவு செல்லவில்லை. பேத்தி என்னும் பெயர் அவருக்காக வீட்டிலேயே காத்திருந்தது.

பதவிப் பெயர்கள் காலம் காட்டுவன. நியமன நாளில் தொடங்கி ஓய்வு நாளில் முடிவன. மகன், பேத்தி, நண்பன், அயலான் என்னும் பெயர்களுக்கு ஓய்வு வயது இல்லை. தந்தையார் மறைந்த பின்னும் நான் அவர் மகனே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நான் மருத்துவரானால்', 'நான் ஆசிரியரானால்' என்று சிறுவர்களுக்கு ஆண்டுதோறும் கட்டுரைத் தலைப்புத் தருகிறோம். என்ன வேலை செய்வாய் என்பதையே எவ்வாறு வாழ்வாய் என்பதாக அவர்கள் மனத்தில் பதிக்கிறோம். 'என் வீட்டில் நான் யார்?' என்றும் ஒருமுறை எழுதச் சொல்வோம். அக்கட்டுரைகளைப் படிக்கையில் சிவப்பு மைக்கோலைச் சற்றே மூடி வைப்போம்.

என் தந்தையாரின் கடிதத்தை நான் இப்போது அவ்வாறுதான் படிக்கிறேன். சட்டை அளவாகவே இருந்தது, அப்பா.