தருமபுரியில் ஏழு ஆண்டுகள்

ஒகேனக்கல்லில் காவிரியின் மறுகரை இன்று கர்நாடக மாநிலம். 1792 முதல் 1799 வரை அதே மறுகரை திப்பு சுல்தானின் மைசூர் அரசுக்கும், இக்கரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் உரியதாக இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரை முடித்துவைத்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையால், பன்னிரண்டு மகால்கள் கொண்டதாகக் கருதப்பட்டுப் பாராமகால் என்று வழங்கிய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரங்கள் கம்பெனியின் கைக்கு வந்தன. நாட்டு மொழி அறியாத சிவில் அதிகாரிகளை நம்பாத கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், அவற்றை நிர்வகிக்கும் பொறுப்பைக் காப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியிடம் ஒப்படைத்தார். ரீடுக்குத் துணையாக வந்த இளம் அதிகாரிகளுள் ஒருவரான தாமஸ் மன்றோ, தருமபுரியில் குடியேறி ஏழு ஆண்டுகள் அங்கிருந்தே பணியாற்றினார்.

1761இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த மன்றோவைக் கப்பலேற்றியது வீரமன்று, வீட்டு வறுமை. அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்துவந்த தந்தை, அமெரிக்க விடுதலைப் போரால் நொடித்துப்போக, மகன் கம்பெனிப் படையில் பயிற்சி வீரராக 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கினார். இந்தியாவில் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்திருந்த ஊரார்க்கு மாறாக, இந்தியாவுக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தவிர வேறு தலையணை தமக்கு இருந்ததில்லை என்று சகோதரிக்கு எழுதினார். அந்த நிலையிலும், இந்தியாவுக்கு வந்திருந்த உடன்பிறந்தான் அலெக்சாண்டரோடு சேர்ந்து பெற்றோருக்குப் பணம் அனுப்பிவந்தார். வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளைப் பெற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இது புரியாத கதையன்று. ஆயினும் கம்பெனி ஊழியரின் ஊதியத்துக்கு ஊற்று நிலவரி என்பதை மறப்பதற்கில்லை. கிளாஸ்கோவின் ஒரு வீட்டு அடுப்பு எரிவதற்கும், இங்கே உழுதவர் கிஸ்தி கட்டுவதற்கும் இடையே நேரான கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

தருமபுரியில் அவர் ஆசையாக ஒரு தோட்டம் போட்டார்; ஆனால் ஆண்டின் பெரும்பகுதி கூடாரத்தில்தான் கழிந்தது. ஊர் ஊராகக் கூடாரத்தைப் பெயர்த்துச் சென்று, ஒவ்வொரு குடியானவரின் வரியையும் தீர்மானிக்கும் சலிப்பூட்டும் வேலை வேறெதற்கும் நேரம் விடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு நிலத்துக்கு வரி விதிக்க, அதன் மண்ணும் நீரும் மட்டும் தெரிந்தால் போதாது. உழுபவருக்கு மாடு உண்டா, சகோதரர்கள் பிரிந்துவிட்டார்களா, கைம்பெண்ணாகிவிட்டவர் தரிசு விட்டிருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும். இவ்வாறு பிறர் வீட்டு நிலவரமெல்லாம் அறிந்துவந்த அந்த மனிதருக்கு அப்போது மனைவியும் இல்லை, மக்களும் இல்லை.

இந்த அனுபவத்திலிருந்து உருவானதே ரயத்துவாரி முறை. அதாவது, இடையில் ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல், ரயத்து எனப்படும் குடியானவரிடமே அரசு நேராக வரி தீர்மானிக்கும் ஏற்பாடு. மன்றோ சென்ற சில ஆண்டுகளிலேயே கம்பெனி இப்பகுதியை மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றது. மிட்டாதாரர் பலர் தவணை கட்ட முடியாமல் வீழ்ந்த பிறகே பழைய முறைக்குத் திரும்பியது. ரயத்துவாரி குடியானவரை வாழவைத்தது என்று மட்டும் சொல்வது மிகை, ஏனெனில் வரி கனமாகவே இருந்தது. பின்னர் தாம் நிர்வகித்த கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் அதைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இல் மன்றோவே பரிந்துரைத்தார்.

1814இல், ஐம்பத்திரண்டு வயதில்தான் அவர் ஜேன் காம்பெல்லை மணந்தார். 1820இல் சென்னை கவர்னரானார். மூத்த மகன் பிரிட்டனில் வளர, 1823இல் பிறந்த இளைய மகனின் உடல்நலம் கருதி, 1826இல் மனைவியும் அக்குழந்தையோடு கப்பலேறினார். பதவியிலிருந்து விடுபடக் காத்திருந்த மன்றோ, பழகிய மாவட்டங்களைக் கடைசியாகப் பார்க்கப் புறப்பட்ட பயணத்தில், 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தார். மனைவி மக்களோடு அவர் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம், கூடாரத்தில் கழித்த காலத்துக்கு ஈடாகாது.

மன்றோ கூடாரத்தில் இருந்து செய்த வேலையை நினைவூட்டுவதுபோல, ஒகேனக்கல் அடங்கிய பென்னாகரம் வட்டத்தில், ஊர்க்கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. இறந்த தந்தையின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்பவர்களும், உட்பிரிவு கோரும் அண்ணன் தம்பிகளும், வரப்புத் தகராறுக்காரர்களும் அங்கே மனுவோடு வருகிறார்கள்.