தலையைக் காட்டு

பூனையின் நாக்கு கையில் பட்டவர்களுக்குத் தெரியும், அது சொரசொரவென்று தோலைப் பிடித்து இழுக்கும். நாக்கின் மேல் தொண்டைப் பக்கம் வளைந்த சின்னஞ்சிறு முட்கள் இருக்கின்றன. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அவற்றிலும். அந்த முட்களின் நுனி குழிந்திருக்கிறது என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஆய்வு செய்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் விளக்கினார்கள். வாயில் ஊறும் எச்சில் அந்தக் குழியில் தானாக ஏறி நிற்கிறது. நக்கும்போது ரோமத்தை ஊடுருவிக்கொண்டு தோல்வரை போய்ச் சேர்கிறது. புலி, சிங்கம்வரை இதே அமைப்புதான். பூனைக்கு வியர்ப்பது பாதத்தில் மட்டுமே என்பதால், உடம்பில் பூசிய எச்சில் காயும்போது கிடைக்கும் குளிர்ச்சி அதற்குப் பெரிய உதவி. சித்திரை வெயிலில் அது ஓயாமல் நக்கிக்கொண்டிருப்பதில் நியாயம் இருக்கிறது.

தெள்ளுப்பூச்சிக்கும் அந்த நாக்குதான் சீப்பு. கழுத்தில் அகலமான பட்டை கட்டி நக்கவிடாமல் செய்த பூனைகளின் மேல், மூன்று வாரத்தில், மற்றவற்றின் மேல் இருந்ததைப்போல் இரு மடங்கு தெள்ளு சேர்ந்திருந்ததை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இதெல்லாம் ஒரு பூனை தனக்குத்தானே செய்துகொள்வது. ஒரு பூனை இன்னொன்றுக்குச் செய்வதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

இந்த நக்கிக்கொடுத்தல் குட்டி பிறந்த கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. குட்டியைச் சுற்றியிருக்கும் சவ்வை நக்கி எடுத்துத்தான் தாய் அதை மூச்சுவிட வைக்கிறது. முதல் சில வாரங்களுக்குத் தாயின் நாக்கு அடிவயிற்றில் படாவிட்டால் குட்டிக்குச் சிறுநீர்கூடப் பிரியாது. கண் திறக்காத அந்த உயிர் உலகத்தை முதலில் அறிவதே, தன்னைப் புரட்டிப் போட்டு அழுத்தித் துடைக்கும் ஒரு நாக்கின் வழியாகத்தான். அந்த அழுத்தத்தில் மென்மை குறைவு. குட்டி கத்தும், நெளியும். தாய் முன்னங்காலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வேலையை முடிக்கும்.

வளர்ந்த பூனைகள் இரண்டு ஒன்றையொன்று நக்கிக்கொடுத்தால் பாசம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ரூட் வான் டென் போஸ் என்ற ஆய்வாளர், கூட்டமாக அடைத்து வளர்க்கப்பட்ட பூனைகளைக் கவனித்து 1998இல் எழுதிய கட்டுரை அந்தக் காட்சியை நிதானமாகப் பார்க்கிறது. நக்குவது பெரும்பாலும் தலையையும் கழுத்தையும்தான். நக்கும் பூனை நின்றபடியோ நிமிர்ந்து உட்கார்ந்தோ இருக்கிறது; நக்கப்படுவது உட்கார்ந்தோ படுத்தோ இருக்கிறது. கூட்டத்தில் மேலே இருக்கும் பூனை கீழே இருப்பதை நக்குவதுதான் அதிகம். சில தருணங்களில் சீண்டலும் நடந்திருக்கிறது; சீண்டியது பெரும்பாலும் நக்கிய பூனைதான். சண்டையாக வெளிவர வேண்டிய முறைப்பு இப்படி மடைமாறுகிறது என்பது அவர் ஊகம்.

இதைப் படித்தபோது, பாசம் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பாசத்துக்குள் ஓர் அதிகாரமும் உட்கார்ந்திருக்கிறது, இரண்டும் ஒரே நாக்கில் இருக்கின்றன என்றுதான் தோன்றியது. திண்ணையில் பேன் பார்க்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். மேற்படியில் இருப்பவள் கால்களுக்கு நடுவே கீழ்ப்படியில் இன்னொருத்தி. "அசையாம தலையைக் காட்டு" என்று ஓர் அதட்டல், திரும்பினால் உச்சந்தலையில் ஒரு குட்டு. குட்டு வாங்கியவளும் எழுந்து ஓடுவதில்லை. கண் சொருக உட்கார்ந்திருப்பாள்.

அம்மா படுக்கையில் இருந்த மாதங்களில் அவர் தலையை நான்தான் சீவிவிட்டேன். நான் நிற்பேன், அவர் சாய்ந்திருப்பார். "அம்மா, இந்தப் பக்கம் திரும்பு" என்பேன். எனக்குச் சீவிய காலத்தில் அவர் பேசிய அதே குரல் என் வாயிலிருந்து வரும். சில நாள் இரண்டு இழுப்பிலேயே, "போதும்டி, விடு" என்பார். பின்னல் பாதியில் நிற்கும். அந்தப் பாதிப் பின்னலோடு அவரை விடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. சீவி முடிப்பதில் என் திருப்தி ஒன்று இருந்தது. அது அவருடைய தேவை அல்ல. கவனித்துக்கொள்பவருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கவனிப்பைப் பெறுபவர் எவ்வளவு இயலாதவரோ, அவ்வளவுக்கு அந்த "போதும்" மெலிதாகத்தான் ஒலிக்கும். பூனையானால் போதும் என்றதும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும்.

வயதான பூனைக்குத் தன்னைத்தானே நக்கிக்கொள்வதுகூடச் சிரமமாகிவிடுகிறது. மூட்டு வலித்தால் திரும்பி முதுகையும் வாலடியையும் நக்க முடியாது. அங்கே ரோமம் சிக்குப் பிடித்துத் திரளும். சோம்பேறியாகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் அது. சிக்கைக் கத்தரியால் வெட்டக் கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பி வெட்டுப்பட்டுவிடும். தோலை ஒட்டிய ரோமத்தை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். காது பின்னால் மடிந்தாலோ வால் விசிறி அடிக்கத் தொடங்கினாலோ சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். மிச்சச் சிக்கை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.