தானே வந்தான்

தாமிரபரணியின் இருகரையிலும் உள்ள நவதிருப்பதிகளைச் சேவித்து, அங்கிருந்து தெற்கே வானமாமலைக்கும் திருக்குறுங்குடிக்கும் செல்லும் யாத்திரிகர்கள் ஆண்டுதோறும் பல்லாயிரவர். ஒவ்வொருவரும் ‘வந்தேன்’ என்கிறார்கள். வினை ஒன்றே. ஆயினும் ‘பிறர் அழைக்க வந்தேன்’ என்பதும், ‘நேர்த்திக்கடனுக்கு அஞ்சி வந்தேன்’ என்பதும், ‘மனமுவந்து வந்தேன்’ என்பதும் ஒன்றாகுமோ? வினைக்கு முன்னே நிற்கும் சிறு சொல்லே அதன் தரத்தைக் காட்டிவிடுகிறது.

நம் தாய்மொழி இதில் மிகவும் நுட்பம் உடையது. காற்றில் கதவு ‘தானாக’த் திறந்தது என்கிறோம்; அங்கே இச்சை இல்லை. அழையாமலே வந்து உதவினவனைத் ‘தானே’ வந்தான் என்கிறோம். அங்கே இச்சை உண்டு. தீங்கிழைத்தவன் ‘வேண்டுமென்றே’ செய்தான் என்பர்; அன்னதானம் செய்தவனை ஒருவரும் அப்படிச் சொல்லார், ‘மனமுவந்து’ செய்தான் என்றே சொல்லுவர். வடமொழியில் ‘பலாத்’ என்றால் பிறனுடைய பலத்தால் நேர்ந்தது என்று பொருள். தமிழில் ‘வலிய’ வந்தான் என்றால் தன் மனத்தின் வலிமையால் வந்தான் என்று பொருள்.

இது இலக்கண விளையாட்டன்று. எவன் ஸ்வதந்திரனோ அவனே கர்த்தா என்பது பாணினி மஹரிஷியின் இலக்கணம். கல்லைப் பார்த்து ‘செய்’, ‘செய்யாதே’ என்று யாரும் கட்டளையிடுவதில்லை. சாஸ்திரம் நம்மைப் பார்த்துக் கட்டளையிடுகிறது. ஆகவே ஜீவனுக்குக் கர்த்ருத்வம் உண்டு என்று ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் நிலைநாட்டினார். ‘எல்லாம் எம்பெருமான் அதீனமாயிருக்க, ஜீவனுக்கு இச்சை ஏது?’ என்று கேட்கலாம். ஜீவன் செய்யும் முயற்சியை நோக்கியே பரமாத்மா அநுமதி அளித்து, அதை மேலும் நடத்துகிறான் என்பதே அங்குக் கிடைக்கும் ஸமாதானம்.

இந்த அர்த்தத்தைக் கண்முன் நடத்திக் காட்டிய மஹாத்மா, மகேந்திரகிரியின் அடிவாரமான திருக்குறுங்குடியில் பாடித் திரிந்த பாணர் குலத்து நம்பாடுவான். அவர் சரிதம் வராக புராணத்தில் வராக மூர்த்தி பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்ததாக அமைந்துள்ளது. ஸ்ரீ பராசர பட்டர் அதற்கு வியாக்கியானம் அருளியுள்ளார்.

கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவு. நம்பியைப் பாடி விழித்திருக்கும் விரதத்துக்காக வந்த நம்பாடுவானை ஒரு பிரம்மராக்ஷஸன் பிடித்துக்கொண்டான். ‘விரதத்தை முடித்துத் திரும்பி வருகிறேன், அப்போது என்னைப் புசி’ என்றார் அவர். பசித்தவன் நம்பவில்லை. ‘வாராவிடில் இன்ன பாவம் என்னைச் சேர்க’ என்று பதினெட்டுச் சபதங்கள் செய்த பின்பே ராக்ஷஸன் பிடியை விட்டான். கயிறும் இல்லை, காவலும் இல்லை. சொல் ஒன்றே கட்டு.

பாடி முடித்து விரைந்து திரும்பியவரை ஒரு புருஷன் வழிமறித்தான். ‘உயிரைக் காத்துக்கொள்ளச் சொல் தவறினால் பாவமில்லை, வேறு வழியே போய்விடு’ என்றான். வந்தவர் நம்பியே என்று பெரியோர் சொல்லுவர். தன் அடியானைப் பொய்யனாக்கவோ எம்பெருமான் வந்தான்? அன்று. தப்பிக்க வழியற்றவன் திரும்பிச் சென்றால் ‘தானே சென்றான்’ என்று உலகம் சொல்லுமோ? வேறு வழியும் திறந்திருக்க வேண்டும். அந்த வழியைத் திறந்து வைத்து, அடியானுடைய நெஞ்சை உலகறியச் செய்தான் எம்பெருமான். நம்பாடுவான் அந்த வழியைத் திரும்பியும் பாராமல் ராக்ஷஸன் முன் போய் நின்றார்.

இதைக் கண்ட ராக்ஷஸனுக்கு உடலின்மேல் இருந்த பசி போயிற்று. ‘நீ பாடிய பாட்டின் பலனைக் கொடு’ என்றான். நம்பாடுவான் இசையவில்லை. ‘உடலைத் தருவதாகவே சொன்னேன், அதைக் கொள்’ என்றார். அவன் படிப்படியாகக் குறைத்துக் கேட்டு, முடிவில் ஒரு பாட்டின் பலனையாவது தா என்று சரணடைந்தான். முற்பிறவியில் யாகத்தில் பிழை செய்த ஸோமசர்மா என்னும் அந்தணன் தான் என்றும் சொல்லி அழுதான். அப்போது நம்பாடுவான் கைசிகப் பண்ணில் பாடியதன் பலனை ஈந்தார். ராக்ஷஸ ஜன்மம் தீர்ந்தது. உடலைத் தர வந்தது வாக்குக் கடன். பாட்டின் பலனைத் தந்தது கடனன்று. யாரும் அதைக் கேட்டு வாங்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. மனமுவந்து தந்தது அதுவே.

இச்சரிதம் திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசி இரவில் நாடகமாக நடிக்கப்பெற்று வந்தது. நலிந்து போன அந்நாடகத்தைப் பேராசிரியர் சே. இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் முதலியோர் முயன்று 1999-ஆம் ஆண்டு புதுப்பித்தனர். கட்டளையால் அன்று, விருப்பத்தால் செய்த கைங்கர்யம் அது.

அடியார்களே! ‘வேண்டிக்கொண்டுவிட்டோமே’ என்ற அச்சத்தால் செலுத்தும் காணிக்கையையும் நம்பி தள்ளுவதில்லை. அது கடன் தீர்த்ததாகும். ஆனால் அழைப்பார் இல்லாதபோதும், பார்ப்பார் இல்லாதபோதும், வீட்டிலேயே இருந்துவிட வழி இருந்தும், ஒரு திருவிளக்குக்கு எண்ணெய் வார்க்க நடந்து வருகிறோமே, அந்த நடைக்கு முன்னேதான் ‘தானே’ என்னும் சொல் பொருந்தும். ஸந்நிதியில் நிற்கும்போது ‘வந்தேன்’ என்பதற்கு முன் எந்தச் சொல் வருகிறது என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோமாக. இன்று அச்சம் என்று விடை வந்தாலும் குறையில்லை. அடுத்த அடியை உவந்து வைப்போம். அம்முயற்சியை நோக்கி நம்பி அருள்வான்.

அழகிய நம்பி திருவடிகளே சரணம்.