வீணாகும் ஒரு மணி நேரமா?

முதல் வெள்ளியன்று மாலை நற்கருணை ஆராதனை முடிந்து மக்கள் கலையும் வேளையில், நம் பங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலும் இளைஞர்களே அதைக் கேட்கின்றனர். "ஃபாதர், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோமே, இதனால் யாருக்கு என்ன பயன்? இந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாலு பேரைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாமே?" கேள்வியில் குறும்பு இல்லை. கேட்பவன் வின்சென்ட் தே பவுல் சபையிலோ இளையோர் இயக்கத்திலோ மெய்யாகவே உழைப்பவனாக இருப்பான்.

இதற்குச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. இப்படிக் கேட்பதே விசுவாசக் குறைவு என்று பக்திமிக்க பெரியவர்கள் வாயை அடைத்துவிடுவர். சமூகப் பணியில் ஊறிய சிலரோ, ஆராதனை என்பது வேலையற்றோரின் சொகுசு என்று அவனோடு சேர்ந்து தலையசைப்பர். இருசாராரும் கேள்வியை ஒதுக்குகின்றனரேயன்றித் தீர்க்கவில்லை. அது தீர்க்கத் தகுந்த கேள்வி என்பதே நம் எண்ணம்.

நற்கருணைப் பேழை நம் ஆலயங்களில் ஏன் இருக்கிறது என்று கேட்டால், ஆராதிப்பதற்காக என்றே பலரும் விடை கூறுவர். வரலாறு வேறு விடை தருகிறது. கி.பி. 150ஐ ஒட்டி உரோமையில் எழுதிய புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாடு முடிந்ததும் திருத்தொண்டர்கள் அப்பத்தை வரவியலாதோரின் இல்லங்களுக்கு எடுத்துச் சென்றதைக் குறிப்பிடுகிறார். 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், சாகுந்தறுவாயில் இருப்பவருக்கு வழியுணவை மறுக்கலாகாது என விதித்தது. நோயாளியின் பாயருகே கொண்டு செல்லவே நற்கருணை முதன்முதலில் பாதுகாத்து வைக்கப்பட்டது. திருச்சபை 1967இல் வெளியிட்ட நற்கருணை பற்றிய அறிவுரை ஏடும், பாதுகாத்து வைப்பதன் முதல் நோக்கம் இதுவே என்றும், ஆராதனை அதன்பின் வந்தது என்றும் தெளிவாக உரைக்கிறது. ஆக, மருத்துவமனையில் கிடக்கும் அந்த நாலு பேர் நம் ஆராதனைக்குப் போட்டியாக வந்தவர்கள் அல்லர். பேழை அங்கே இருப்பதே அவர்களால்தான். அவர்களுக்கென வைக்கப்பட்ட அப்பத்தின் முன் நாம் முழந்தாட்படியிடுகிறோம்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்வுறவு சற்றே மங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுந்தேற்ற வேளையில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் வழக்கம் மேலைத் திருச்சபையில் பரவியது. மக்கள் அதைக் காணத் துடித்தனர். ஓர் ஆலயத்தில் கண்டு முடித்ததும் அடுத்த ஆலயத்திற்கு விரைந்தோரும் உண்டு. ஆனால், கண்டவர்கள் உண்ணவில்லை! ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாஸ்காக் காலத்தில் நற்கருணை உட்கொள்ள வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் கட்டளையிட நேர்ந்ததெனில், நிலைமை எத்தகையது என்பது விளங்கும். லீயேஜ் நகரத்துப் புனித யூலியானாவின் நெடுநாள் ஆவலின் கனியாக, 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை ஏற்படுத்தினார். அவ்விழாவின் அழகில் நமக்கு ஐயமில்லை. எனினும், காண்பதே உண்பதற்கு ஈடாகிவிட்ட அந்நாள்களின் பழக்கம் மாற, அடிக்கடி நற்கருணை வாங்குமாறு 1905இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஆணை பிறப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருப்பலியிலிருந்து பிரிந்து நிற்கும் ஆராதனை, விருந்துக்கு வந்தவன் இலையில் கை வைக்காமல் சமையலைப் புகழ்ந்துவிட்டுப் போவதைப் போன்றது. உண்பதற்கு முன் ஆராதிக்க வேண்டும் என்று புனித அகுஸ்தீன் கற்பித்தபோது, இரண்டையும் ஒன்றாகவே கண்டார்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் நாம் செய்வதுதான் என்ன? இதற்கு விடை தேட நாம் நூலகம் போக வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரு துக்க வீட்டிற்குப் போய்ப் பார்த்தால் போதும். உற்றாரும் அயலாரும் வருகின்றனர், திண்ணையிலோ பந்தல் நிழலிலோ அமர்கின்றனர், பேசுவதில்லை. பேசினாலும் ஒரு சொல், இரு சொல். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகின்றனர். அவர்கள் அமர்ந்ததால் இறந்தவர் எழவில்லை, கடன் அடையவில்லை. ஆயினும், "சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்களே, என்ன பயன்?" என்று எந்த வீட்டாரும் கேட்டதில்லை. வராதவரைத்தான் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கின்றனர். பயன் என்னும் அளவுகோலுக்கு அடங்காத செயல்கள் மனித வாழ்வில் உண்டு என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர். அன்பு செய்பவர் உடனிருக்கிறார்; அவ்வளவே. கெத்சமனியில் தம் சீடரிடம் ஆண்டவர் கேட்டதும் வேலையன்று, உடனிருப்பையே. அதைத்தான் அவர்களால் தர இயலவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் ஆராதனைகளில் உடனிருக்க நேரம் ஏது? ஒலிபெருக்கி ஓய்வதில்லை. பாடல் முடிந்த நொடியில் செபம், செபம் முடிந்த நொடியில் கீபோர்டு, பிறகு புத்தகத்திலிருந்து ஐந்து பக்க மன்றாட்டு. அறுபது நிமிடத்தில் ஆறு நிமிட மௌனம்கூடக் கிடைப்பதில்லை. ஆண்டவர் ஏதேனும் சொல்ல விரும்பினால் கை உயர்த்தி அனுமதி கேட்க வேண்டிய நிலை! திருப்பலிக்கு வெளியே நற்கருணை வழிபாட்டிற்கென 1973இல் வெளிவந்த சடங்குமுறை, வாசகத்தோடும் பாடலோடும் மௌன செபத்திற்கும் இடம் தருமாறு கேட்கிறது. பாடற்குழுவினர் பொறுத்தருள்க.

ஆனால், உடனிருப்பு என்று சொல்லிவிட்டதால் இளைஞனின் கேள்வி முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஒரே நேரத்தில் இருவரிடம் உடனிருக்க முடியாதே! படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு வர வழியில்லாத ஒரு பெண்மணி, பெரிய வியாழன் இரவில் தம் வீதிக்குரிய முறைக்கு வரத் தவறினால் பாவமா என்று கேட்கிறார். இவருக்கு விடை சொல்வது எளிது. செபவேளையில் ஏழை நோயாளிக்கு மருந்து கொண்டுபோக நேர்ந்தால் கலக்கமின்றி எழுந்து போங்கள், கடவுளை விட்டுக் கடவுளிடமே போகிறீர்கள் என்னும் கருத்தைப் புனித வின்சென்ட் தே பவுல் தம் அன்புப் புதல்வியருக்குப் பன்முறை போதித்தார். அப்பெண்மணி அன்றிரவு தம் வீட்டிலேயே ஆராதனை செய்கிறார்.

இத்தெளிவு எல்லாருக்கும் எளிதில் வந்ததன்று. புனித சார்லஸ் தெ ஃபுக்கோவை எடுத்துக்கொள்வோம். நாசரேத்தில் கிளாரா சபைக் கன்னியரின் வேலைக்காரராக வாழ்ந்த நாள்களில், பேழையின் முன் மணிக்கணக்காய் அமர்ந்திருந்தவர் அவர். பின்னர் சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களிடையே வாழ விரும்பியபோது பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. அந்நாளைய சட்டப்படி, உடன் பங்கேற்க ஒருவரேனும் இல்லாமல் குரு திருப்பலி நிறைவேற்ற இயலாது. அங்கோ கிறிஸ்தவர் எவருமில்லை. திருப்பலி எல்லையற்றது, மற்றவை எல்லைக்குட்பட்டவை, எனவே திருப்பலிக்காக எதையும் விடலாம் என்று முன்பு எண்ணியவர், 1907இல் தம் திருச்சபைத் தலைவருக்கு எழுதிய மடலில் அவ்வாதத்தில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்கிறார். அன்புப் பணியின் பொருட்டுத் திருப்பலியை இழந்த புனிதர்கள் உண்டே என்பது அவருடைய நியாயம். அவர் போனார். 1907ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா தமன்ராசெத்தில் திருப்பலியின்றியே கழிந்தது. அடுத்த மாதம் அவர் நோயுற்று வீழ்ந்தபோது, பஞ்சத்தில் வாடிய அவ்வூர் இசுலாமிய ஏழைகள், ஆட்டுப்பால் தேடிக் கொணர்ந்து அவரைப் பிழைக்க வைத்தனர். தனியாகத் திருப்பலி நிறைவேற்றும் அனுமதி 1908இல் கிடைத்தது. நற்கருணையைப் பாதுகாத்து வைக்கும் அனுமதியோ அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. அவ்வளவு ஆராதித்தவருக்கு வெறும் சுவர்! ஆயினும், நாசரேத்தில் அமர்ந்த அந்த மணித்துளிகள் இல்லையேல், தமன்ராசெத்தில் வெறுங்கையோடு இருக்கும் துணிவு அவருக்கு வந்திருக்குமா என்பது நம் ஐயம். அன்னை தெரேசாவின் சபை, நாள்தோறும் ஒரு மணி நேர ஆராதனையை 1973இல் வழக்கமாக்கிக்கொண்டது. வேலை குறைந்திருந்த காலத்தில் அன்று, கூடியிருந்த காலத்தில்.

ஆகவே வேலையா ஆராதனையா என்னும் வழக்கு அவ்வளவு கடினமானதன்று. கடினமானது வேறொன்று. ஆராதனையில் நாம் எல்லாரும் ஒரே திசையை நோக்கி அமர்கிறோம். கதிர்ப்பாத்திரத்தின் மேல் கண் பதித்தவனுக்கு அருகிலிருப்பவன் முகம் தெரிவதில்லை. தெரியவேண்டாம் என்று விரும்புவோர்க்கு இது மிக வசதியான ஏற்பாடு.

கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களைத் திருத்தூதர் பவுல் கடிந்தது ஏன்? அப்பத்திற்கு வணக்கம் செலுத்தவில்லை என்பதற்காக அன்று. ஒரே கூட்டத்தில் ஒருவர் பசித்திருக்க, மற்றொருவர் வயிறார உண்டு குடித்ததற்காக. அதையே ஆண்டவரின் உடலை உணராமை என்றார். இவ்வருட்சாதனத்தின் உட்பொருள் திருச்சபையின் ஒற்றுமையே என்று புனித தோமையார் அக்குயினாரும் கற்பிக்கிறார். திருவுடல் பெருவிழாவிற்குப் பாடல் யாத்தவர் அவர். அவரை ஆராதனையின் பகைவர் என எவரும் கூற மாட்டார். அடையாளத்தை வணங்கி, அது குறிக்கும் பொருளை மறுப்பவன் எதைத்தான் வணங்குகிறான்?

தமிழகத்துக் கத்தோலிக்கர் இக்கேள்வியை ஏட்டளவில் வைத்துக்கொள்ள முடியாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு கையாக இரண்டாய்ப் பிரிந்து பீடத்தில் மட்டும் கூடும் ஆலயத்தை நம் முன்னோர் கட்டினர். பிரித்து நின்ற தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே கதிர்ப்பாத்திரத்தை இரு பக்கமிருந்தும் பார்த்தவர்கள், ஒருவரையொருவர் பார்க்கலாகாது என்பதற்காகப் பணம் செலவிட்டு வழக்காடினர்! அது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் உண்டு என்பதை இந்திய ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. தனிக் கல்லறைகளை நாம் அறிவோம். தேர் எந்தத் தெருவில் திரும்பாது என்பதையும் அறிவோம்.

இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆயரும் அரசும் தீர்க்கட்டும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆகவே சிறிய காரியம் ஒன்றைக் கூறுவோம். பெரிய வியாழன் இரவு ஆராதனைக்கு நம் பங்குகளில் முறைப்பட்டியல் எழுதுகிறோம். மேலத்தெருவுக்கு எட்டரை மணி, நடுத்தெருவுக்கு ஒன்பது, காலனிக்குப் பதினொன்றரை. தெரு வாரியாக எழுதினால் அழைக்க எளிது என்பது காரணம். நம் ஊர்களில் தெரு எது என்று சொன்னால் சாதி எது என்று சொன்னதாகும். தெருவாரிப் பட்டியல் செங்கல் இல்லாமல் எழுப்பிய வடக்கன்குளத்துச் சுவர். கடைசி நேரம் எப்போதும் யாருக்கு விழுகிறது என்பதையும் பழைய பட்டியல்களைப் புரட்டுவோர் காணலாம்.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் பெயர்களைச் சீட்டாக எழுதிக் குலுக்கி எடுத்தோம். எதிர்ப்புக் குரல் எழவில்லை. நம் மக்கள் சாமியாரிடம் நேரே எதிர்ப்பதில்லை. முதல் ஆண்டு இரண்டு தெருக்களிலிருந்து வந்தோர் மிகக் குறைவு. வந்தவர்களும் பாயின் இரு ஓரங்களில், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு அமர்ந்தனர். அடுத்த ஆண்டு இன்னும் சிலர் வந்தனர். நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் அன்பியப் பெண்கள் அண்டாவில் சுக்குக் காப்பி வைத்திருந்தனர். பலர் வாங்கிக் குடித்தனர். சிலர் தூக்கம் வருகிறது என்று கூறி நேரே வீட்டிற்குப் போயினர். மேலத்தெருவின் பெரியவர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஃபிளாஸ்கைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்று குடித்தார். ஒன்பது மணி முதல் பத்து மணி வரை அசையாமல் முழந்தாட்படியிட்டிருந்தவர் அவர்தான். மூன்றாம் ஆண்டும் அவர் பெயர் குலுக்கலில் வந்தது. அவரும் வந்தார், ஃபிளாஸ்கும் வந்தது. பாயில் நடுவே விட்ட இடம் மட்டும் அவ்வாண்டு இல்லை. கூட்டம் அதிகம் என்பதால் நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று என்று அவரே நம்மிடம் கூறினார்.