இரக்கத்திற்கு 20 மதிப்பெண்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஹெச்.எஸ்.சி. தேர்வில் எல்லோருக்கும் கட்டாயமான பாடம் ஆங்கிலம் ஒன்றுதான். 2019இல் முதன்முதலாகத் தேர்வுக்கு வந்த பாடத்திட்டத்தில், மனித அனுபவங்களைப் படைப்புகள் எப்படிக் காட்டுகின்றன என்பதற்கென்றே ஒரு பொதுப் பகுதி உண்டு. ஒரு பட்டியலிலிருந்து பள்ளி ஒரு படைப்பைத் தேர்ந்துகொள்ளும். மாணவர் அதைப் பற்றித் தேர்வறையில் கட்டுரை எழுத வேண்டும். அதற்கு 20 மதிப்பெண். பட்டியலில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' இருக்கிறது, ஆர்வெல்லின் '1984' இருக்கிறது, 'பில்லி எலியட்' திரைப்படம் இருக்கிறது. எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 2011இல் ஒளிபரப்பிய 'கோ பேக் டு வேர் யூ கேம் ஃப்ரம்' என்ற தொடரும் இருக்கிறது. இந்த நாட்டில் சில வருடம் வாழ்ந்த எவருக்கும் அந்தத் தலைப்பை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

தொடரின் அமைப்பு எளிமையானது. 6 ஆஸ்திரேலியர்கள், பெரும்பாலும் படகில் வருபவர்கள் மேல் கோபம் உள்ளவர்கள். அவர்களிடமிருந்து பர்ஸ், போன், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, அகதிகள் வந்த வழியில் பின்னோக்கி 25 நாள் அனுப்புகிறார்கள். முதலில் இங்கேயே அகதிக் குடும்பங்களின் வீடு, பிறகு ஒரு ஓட்டைப் படகு, மலேசியா, கென்யாவின் ககூமா முகாம், ஜோர்தான், கடைசியில் கொங்கோவும் ஈராக்கும். போகப்போகச் சிலர் மனம் இளகுகிறது, சிலருக்கு இளகாமலே இருக்கிறது. நல்ல தொடர்தான். பார்க்காதவர்கள் பார்க்கலாம்.

என் கேள்வி தொடரைப் பற்றியது அல்ல. பிறர் துயரத்தைப் படமாகப் பார்த்து, அதற்கு மனம் எப்படி அசைந்தது என்று எழுதி, அதற்கு மதிப்பெண் வாங்குவது எந்த வகையான கல்வி?

தேர்வுத் துறையைக் கேட்டால், நாங்கள் உணர்ச்சிக்கு மதிப்பெண் போடவில்லை, உணர்ச்சி எப்படிக் காட்டப்படுகிறது என்ற ஆய்வுக்குத்தான் போடுகிறோம் என்பார்கள். தாளில் அது உண்மை. ஆனால் நான் இருக்கும் ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலை விட்டு இறங்கினால், கொரியக் கடைகளுக்கு மேல் மாடிகளில் டியூஷன் நிலையங்கள். அங்கே புழங்கும் மாதிரிக் கட்டுரைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். 'பார்வையாளரின் முன்முடிவுகள் தகர்க்கப்படுகின்றன', 'நாம் ஆழ்ந்த பரிவுக்கு இட்டுச்செல்லப்படுகிறோம்' என்ற அளவில் எல்லாம் ஒரே அச்சு. தகர்ந்தது யாருடைய முன்முடிவு என்று எழுதியவரைக் கேட்டால் விழிப்பார். மென்பொருள் தொழிலில் இருப்பவன் என்பதால் சாட்ஜிபிடியிடமும் கேட்டுப் பார்த்தேன். அந்த மாதிரிக் கட்டுரைகளைவிடப் பண்பட்ட பரிவோடு சில நொடிகளில் எழுதித் தந்தது. உணர்வே இல்லாத ஒன்றால் இவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிற காரியத்தை உணர்வுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

வகுப்பறையில் படம் காட்டுவதைப் பற்றிய பழைய ஆராய்ச்சிச் சண்டை ஒன்று இங்கே உதவும். 1983இல் ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஊடகம் எதுவானாலும் கற்றலில் மாற்றம் வராது, கற்பிக்கும் முறைதான் முக்கியம் என்று வாதிட்டார். காய்கறி கொண்டுவரும் வண்டியால் காய்கறியின் சத்து கூடிவிடாது என்கிற மாதிரி. ராபர்ட் கோஸ்மா அதை மறுத்தார். இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே காலத்தில் காவ்ரியேல் சாலமன் செய்த ஆய்வு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்கு ஒரு கதையைப் படமாகவும், மற்றவர்களுக்கு எழுத்தாகவும் கொடுத்தார். படம் எளிது, எழுத்து கடினம் என்று பிள்ளைகள் முன்பே முடிவுகட்டி வைத்திருந்தார்கள். ஆகவே படத்தைப் பார்த்தவர்கள் மூளையைக் குறைவாகச் செலவழித்தார்கள், ஊகித்து அறிய வேண்டியவற்றைக் குறைவாகவே அறிந்தார்கள். படம் மந்தமாக்கியது என்று இதற்குப் பொருள் இல்லை. 'இது எனக்குப் புரிந்துவிடும்' என்ற நம்பிக்கை மந்தமாக்கியது. துயரத்தைக் காட்டும் படத்தில் அந்த நம்பிக்கை இன்னும் வலுவாக வரும். கண்ணில் நீர் வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்றே தோன்றும்.

இதை எங்கள் ஊர்க்காரர்களை வைத்தே சொல்லலாம். தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்கள் பலருக்கு ஈழப்போரின் முகம் 2002இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வழியாகத்தான் தெரிந்தது. செய்தித்தாளில் வந்ததெல்லாம் எண்ணிக்கை. திரையில் வந்தது ஒரு பெண் குழந்தை. தியேட்டரில் அழுதோம். வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டோம். அந்த அழுகையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது இல்லாமல் இருந்ததைவிட இருந்தது மேல். ஆனால் அதை அறிவு என்றும் சொல்ல மாட்டேன். சிட்னிக்கு வந்து, ஹோம்புஷ் கடையில் அரிசி வாங்க வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் முள்ளிவாய்க்காலிலிருந்து நடந்து வந்தவர் என்று தெரிந்தபோது, படம் எனக்குச் சொல்லிக்கொடுத்த எந்த வாக்கியமும் அவரிடம் பேசப் பயன்படவில்லை.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார், அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். உறவுக்காரர் மேல் வருவது தானாக வரும். அயலார் மேல் வருவதை நோன்பு போலப் பழக வேண்டும் என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன். புலவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

பிலோயெலா அப்படிப்பட்ட பழக்கம்தான். குவீன்ஸ்லாந்தின் அந்தச் சிறு ஊரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். கிறிஸ்துமஸ் தீவு வரை கொண்டுபோய் அடைத்துவைத்த குடும்பம் 2022 ஜூனில் ஊர் திரும்பியது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் விடாமல் குரல் கொடுத்தது அந்த ஊர்க்காரர்கள். அவர்களை எந்தத் தொடரும் இளக்கவில்லை. தகப்பன் இறைச்சித் தொழிற்சாலையில் கூட வேலை பார்த்தவர், தாய் தெரிந்தவர், பிள்ளைகள் கண்ணெதிரே பிறந்தவர்கள். ஊரைத் தாண்டி நாடு முழுக்கச் செய்தி பரவியதற்குப் படங்களும் வீடியோக்களும் காரணம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் முதலில் பழக்கம் இருந்தது, பிறகுதான் கேமரா வந்தது.

அப்படியானால் வகுப்பில் படமே காட்டக் கூடாதா? எனக்கு அந்தக் கட்சியில் உடன்பாடில்லை. தியேட்டரால் முடியாத ஒன்று வகுப்பறையில் முடியும்: நிறுத்த முடியும். தொடரில் அந்த 6 பேர் போகும் படகு நடுக்கடலில் பழுதாகிறது, புகை கிளம்புகிறது, அலறுகிறார்கள், பிறகு மீட்கப்படுகிறார்கள். அந்த ஆபத்து ஏற்பாடு செய்யப்பட்டது. ஆசிரியர் அங்கே படத்தை நிறுத்தி, இந்தக் காட்சியை எடுக்கும் கேமரா எங்கே இருக்கிறது என்று கேட்டால் போதும். கேமரா இருக்கும் இடத்தில் இன்னொரு படகு இருக்கிறது, லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, வீட்டுக்குப் போகும் டிக்கெட் இருக்கிறது. அந்த அகதிகளின் கடலில் அது இருந்திருக்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்ட பிள்ளை இரக்கப்படலாம், படாமலும் போகலாம். அது அதனுடைய சொந்த விஷயம். ஆனால் தான் எவ்வளவு தொலைவில் நின்று பார்க்கிறது என்பதை அது அளந்துவிட்டது. அதற்குத் தாராளமாக 20 மதிப்பெண் கொடுக்கலாம்.

இப்படிச் சொல்லும் துணிவு எனக்கு என் நண்பரின் மகளால் வந்தது. 2012இல் கொக்கோஸ் தீவில் வந்து இறங்கிய படகு ஒன்றில் அவளும் இருந்தாள், நாலு வயது. டீசல் மணம் மட்டும் நினைவிருக்கிறது என்பாள். அவள் வகுப்பில் இந்தத் தொடர்தான் பாடம். படகுக் காட்சி ஓடும்போது வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்ததாம். உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஆசிரியர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டாள். கட்டுரையைப் பிழை திருத்த என்னிடம் கொடுத்தாள். அந்தக் கேமரா எங்கே நின்றது என்பதைப் பற்றித்தான் இரண்டு பக்கம். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. தகப்பனிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுதானே அண்ணை. அது எங்கட கதை. அவளின்ர மார்க்ஸுக்கு அது எதுக்கு?" என்றார்.

டியூஷன் மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. கடைசிப் பத்தியில் சொந்த அனுபவமாக ஒரே ஒரு வரி சேர்த்தால் கட்டுரை எங்கோ போய்விடும் என்று வற்புறுத்தினாராம். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"கேள்வியில அது இல்லையே, அங்கிள்" என்றாள்.