நியமமும் இடையூறும்

நற்பழக்கமொன்றைத் தன்பால் நிலைபெறுத்த விரும்பும் ஒருவன், அதனை நாடோறும் ஒரே நேரத்தில் ஒரே முறையில் வழுவாது செய்தல் வேண்டுமோ, அன்றிக் காலமும் இடமும் மாறுந்தோறும் தானும் இசைந்துகொடுத்தல் வேண்டுமோ என்னும் வினா, பார்வைக்குச் சிறிதாயினும் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பேற்ற ஆசிரியர்க்குப் பெரியதொன்றாம். தம்மிடத்து இதற்கு விடை காணாதார் பிறர்க்கு ஒழுக்கம் பயிற்றப் புகின், ஒன்று கொடியராவர், அன்றேல் கையாலாகாதவராவர். யாம் முன்னையதில் வீழ்ந்து வருந்தினோம். ஆதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

விடை கூறுவோர் இருதிறத்தார். முதற்றிறத்தார், ஒருநாள் தவறின் மறுநாளும் தவறும், மறுநாளும் தவறின் பழக்கமே அழியும், ஆதலின் எவ்வாற்றானுந் தவறலாகாது என்பர். மற்றைத் திறத்தார், உள்ளம் எழாதபோது செய்யுஞ் செயல் உயிரற்ற சடங்கேயாம், உள்ளம் எழும்போது செய்வதே மெய்யென்பர். இருவர் கூற்றினும் உண்மையுண்டு. இருவர் கூற்றினும் பிழையுமுண்டு.

யாம் இளமையிற் பயின்றது கிறிஸ்தவ சபையார் நிறுவிய பாடசாலையொன்றில். அங்கே மணியோசையே அரசு செலுத்திற்று. மணி ஒலித்தால் எழுதுகோல் எழும். மணி ஒலித்தால் எழுதுகோல் வைக்கப்படும். சமயத்தால் வேறுபட்டோமாயினும், அம்மணி எமக்குச் செய்த நன்மையை மறத்தல் நன்றியன்று. சோம்பலின் வேர் 'இன்னும் சிறிது பொழுது கழியட்டும்' என்னும் எண்ணமே. மணி அவ்வெண்ணத்துக்கு இடங்கொடுப்பதில்லை. செய்வதா விடுவதா என்று நாடோறும் மனத்தோடு வழக்காடுவோன் பாதி நாள் தோற்பான். வழக்கே இல்லாதவாறு நேரத்தைக் குறித்துவிட்டோன் பெரும்பாலும் வெல்வான். முதற்றிறத்தார் கூற்றிலுள்ள உண்மை இது.

அவ்வுண்மையை மேற்கொண்டு, ஆசிரியத்தொழில் ஏற்ற நாள்முதல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒருமணிநேரம் தமிழ் நூல் பயில்வதென்று விரதம் பூண்டோம். பத்தாண்டுக்கு மேல் அது நடந்தது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் ஊருட் புகுந்தது. உற்றார் சிலரை இழந்தோம். எஞ்சியோர் முகாமில் இருந்தனர். சோறும் துணியும் சுமந்து திரிந்த அந்நாட்களிற் புத்தகத்தை நினைத்தற்கும் பொழுதில்லை. அது குற்றமன்று. குற்றம் அதற்குப் பின்னர் நேர்ந்தது. வீடு திரும்பி விளக்கேற்றிய பின்னரும் யாம் நூலைத் தொட்டிலோம். 'பத்தாண்டு வழுவாத விரதம் வழுவியபின் இனி அதில் யாதுளது?' என்று எண்ணினோம். அவ்வெண்ணத்திலே மூன்றாண்டு கழிந்தது. கடல் எம்மிடமிருந்து கொண்டது சில கிழமைகளை. மூன்றாண்டுகளைக் கொண்டது எமது செருக்கே. யாம் காத்தது கல்வியை அன்று, 'ஒருநாளும் தவறாதவர்' என்னும் பெயரையே என்பது பின்னரே எமக்குப் புலப்பட்டது.

அப்பொழுதும் முழுதும் அறிந்தோமல்லோம். மீளத் தொடங்கியபோது முன்னினும் இறுக்கமாகத் தொடங்கினோம். தம்மை இறுக்குவோர் பிறரையும் இறுக்குவர். 2011 ஜனவரியிற் கிழக்கிலங்கையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. வெள்ளம் வடியத் தொடங்கியபின், படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் மாணாக்கனொருவன் தொடர்ந்து பிந்தி வந்தான். குறித்த நேரத்தின்பின் வாயிற்கதவு திறக்கப்படலாகாதென்பது யாம் வகுத்த விதி. மூன்று நாள் அவன் கதவுக்கு வெளியே நின்று திரும்பினான். நான்காம் நாள் வந்திலன். பின்னர் ஒருநாளும் வந்திலன். சில ஆண்டு கழித்துத் துறையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற அவனைக் கண்டு, அன்று பிந்தியதேன் என வினாவினோம். "அண்டைக்கு நீரோட்டம் கூட, சேர். தோணி விட ஏலாமக் கிடந்தது" என்றான். இதனை அன்றே கூறாததென்னை என்றேம். "நீங்க கேக்கல்லையே, சேர்" என்றான். அவன் முகத்திற் சினமில்லை. அதுவே எம்மை மிக வருத்திற்று.

இனி, மற்றைத் திறத்தாரை நோக்குவோம். உள்ளம் எழும்போது செய்வோமென்பார்க்கு உள்ளம் எழுவது அரிதினும் அரிது. வாவியில் மீன் படும் நாள் இதுவென்று முன்னறிந்தார் எவருமில்லை. அதனால் எவரும் மீன் படும் நாளில் மட்டும் தோணி இறக்குவதில்லை. மட்டக்களப்பு வாவியின் மீன் பாடுமென்பது உலகறிந்த செய்தி. அவ்வோசையைக் கேட்டேமென்பார் யாவரும் நிலாக்காலத்து அமைதியான இரவில் நீர்மேற் சென்று காத்திருந்தவரே, வீட்டிற் படுத்துறங்கியவரல்லர். எதிர்பாராத நன்மையும், நாடோறும் உழைப்பவனையே பெரும்பாலும் வந்தடைகின்றது.

அங்ஙனமாயின் இவ்விரண்டையும் பொருத்துமாறு யாங்ஙனம்? நமது வாவியே இதற்கொரு பாடம் வைத்திருக்கின்றது. கோடையிற் கடலலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைக்கும். வாடைக்காற்றோடு மாரிமழை வந்து வாவி பெருகும்போது, மணற்றிட்டு தானே உடையும், அல்லது மக்கள் அதனை வெட்டிவிடுவர். அடைபடுதலும் திறபடுதலும் ஆண்டுதோறும் நிகழ்வன, இது நியமம். ஆயின் வெட்டும் நாளை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை. நீரின் உயரமே தீர்மானிக்கும். பிந்தி வெட்டின் வயல் அமிழும்; முந்தி வெட்டின் வாவிநீர் வீணே கடலிற் சென்று மீன்பிடிப்போர் தொழில் கெடும். ஆதலின் ஆண்டுதோறும் உழவரும் மீனவரும் அதிகாரிகளும் நீரைப் பார்த்துப் பேசவேண்டியதாகின்றது. பருவத்தை மாற்றுதல் நம் கையிலில்லை. நாளை அறிதல் நம் கையிலுளது. ஒழுக்கமும் இத்தகையதே. இன்னது செய்வேன் என்பது நிலைத்திருத்தல் வேண்டும். இன்று அதனை எவ்வளவு, எங்கே, எப்பொழுது செய்வேன் என்பது அன்றைய நீரளவைப் பார்த்தே அறியப்படும்.

இக்கருத்தை நம் பிள்ளைகட்கு எளிதில் விளக்குவது பெரியபுராணத்து அதிபத்தநாயனார் வரலாறு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் தலைவராய் வாழ்ந்த அவர், தம் வலையிற் படும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடும் நியமம் பூண்டார். நாம் அவ்வடியாரின் உறுதியைப் புகழ்கின்றோம். அந்நியமம் அமைந்த முறையை நோக்குவார் சிலரே. நாளுக்குப் பத்து மீன் விடுவேன் என்று அவர் பூண்டிருப்பின், வலை வறிதாய நாளில் விரதம் தானே முறிந்திருக்கும். கடலின் கொடை நிலையற்றதென்பதை அறிந்த தொழிலாளர் அவர். மிகப் படினும் குறையப் படினும் இயலுவதாகிய 'ஒன்று' என்பதையே கொண்டார். அதனாலன்றோ ஒரே மீன் பட்ட வறிய நாட்களிலும், பின்னர்ப் பொன்மீன் பட்ட நாளிலும், அவர் புதிதாய் ஒன்றும் சிந்திக்கவேண்டாதிருந்தது! அந்நியமம் சிறிதாயினும் எளிதன்று. ஒரு மீனே பட்ட நாளில் அவ்வொன்றை விடுதல் சுற்றம் முழுதும் பசித்திருத்தலாம். அளவிற் சிறிதாய், பற்றுதலில் உறுதியாய் இருத்தலே அதன் பெருமை.

தவறிய நாளில் யாது செய்வதென்பதைச் சாக்கியநாயனார் வரலாறு கற்பிக்கும். சிவலிங்கத்தைக் கண்ட களிப்பிலே தம்மையறியாது ஒரு கல்லை எடுத்தெறிந்தார்; மறுநாள் அதனைச் சிந்தித்து, அதுவே தமக்குற்ற தொண்டென்று கொண்டு நாடோறும் செய்தார். எதிர்பாரா நிகழ்ச்சியொன்று நியமமாயிற்று. ஒருநாள் அதனை மறந்து உண்ண அமர்ந்தார். நினைவு வந்தவுடன் என் செய்தார்? நியமம் கெட்டதென்று அழுதுகொண்டிருந்தாரல்லர்; உண்டபின் பார்ப்போமென்று இருந்தாருமல்லர். அக்கணமே எழுந்தோடிக் கல்லை எறிந்தார். அவர்க்கு அருள் கிடைத்தது மறவாத நாளிலன்று, மறந்து நினைந்த அந்நாளிலே என்பதை ஆசிரியர் ஊன்றி நோக்குவாராக.

நம்முடைய நூல்வழக்கும் இதனையே குறிக்கின்றது. நாடோறுஞ் செய்வதை நித்தியமென்றும், காரணம் பற்றி நேர்வதை நைமித்திகமென்றும் வகுத்த முன்னோர், இரண்டாவதை முதலாவதற்குப் பகையென்று எண்ணிற்றிலர். இரண்டுக்கும் இடம் வகுத்தனர்.

புறத்தேயுள்ள ஆராய்ச்சியாளர் கண்டதும் இதற்கு மாறன்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர் 96 பேரை 12 கிழமை ஆராய்ந்து 2010 இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் உண்ணல், பருகல், உடற்பயிற்சி என்பன பற்றிய சிறு செயலொன்றை நாடோறும் குறித்ததொரு வேளையோடு இணைத்துச் செய்தனர். அச்செயல் தானே நிகழும் பழக்கமாதற்குச் சிலர்க்கு 18 நாளும், சிலர்க்கு 254 நாள்வரையும், நடுத்தரமாக 66 நாளும் செல்லுமென மதிப்பிடப்பட்டது. இடையில் ஒருமுறை தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவிற் கெடுக்கவில்லை என்பதும் அவர் கண்டது. ஒருநாள் தவறின் யாவும் அழியுமென்னும் அச்சம் அச்சமேயன்றி உண்மையன்று.

நெடுங்காலக் குறிக்கோளுக்கு எடுத்துக்காட்டு வேண்டின், அயலூர் செல்லவேண்டா. காரைதீவிலே 1892 இற் பிறந்து, 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலானந்த அடிகளார், ஏறத்தாழ 14 ஆண்டு ஆராய்ந்து யாழ்நூலை இயற்றினார். அவ்வாண்டுகளில் அவர் ஓரிடத்து ஒரு மேசையின்முன் அமர்ந்திருந்தவரல்லர். ஈழத்துப் பாடசாலைப் பணியும், 1939 முதல் இமயச்சாரல் மாயாவதியிற் பத்திராசிரியப் பணியும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியப் பணியும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன, நோயும் வந்தது. இடமும் வேலையும் மாறின. யாழைப் பற்றிய வினா மாறவில்லை. நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் மறைந்தார். இடையூறெல்லாம் ஒழிந்தபின் எழுதுவேன் என்று அவர் காத்திருந்திருப்பின், அந்நூல் நமக்குக் கிடைத்திராது.

இங்கே ஒரு தடை எழும். இவ்வாறு இடங்கொடுப்பின், ஒவ்வொரு மாணாக்கனும் ஒவ்வொரு நாளும் ஓர் இடையூற்றைக் கொண்டுவந்து நிறுத்தானோ எனின், நிறுத்துவான், நாமும் நிறுத்துவோம். மெய்யான இடையூற்றையும் வெறுஞ்சாக்கையும் பிரித்தறிய வழி ஒன்றுண்டு. இடையூறுற்றவன் தடை நீங்கிய முதற்கணத்திலே மீள்வான். சாக்குச் சொல்வோன் தடை நீங்கியபின் மற்றொரு தடையைத் தேடுவான். ஆதலின் தவறியதை மட்டும் கொண்டு எவரையும் அளத்தல் கூடாது. மீளும் விரைவைக் கொண்டே அளத்தல் தகும். அவ்வளவுகோலை முதலிற் பிடிக்கவேண்டுவது நம்மேல். அதனால் அளக்கும்போது, யாம் இழந்த மூன்றாண்டும் சாக்கேயாம்.

செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். நியமத்தின் கருவைச் சிறிதாகக் கொள்க: நாளொன்றுக்கு ஒருமணிநேரம் என்னாது, ஒரு பக்கமேனும் என்க, நல்ல நாளிற் பத்துப் பக்கம் ஓடட்டும். அதனை மணிக்கூட்டோடு மட்டும் பிணியாது, எங்கிருப்பினும் நேரும் செயலொன்றோடு, விளக்கேற்றுதலோடோ உணவோடோ பிணிக்க, முகாமிலும் உணவுண்டு. விட்ட நாட்களைக் கூட்டிக் கடனாக்கற்க. கடன் பெருகினால் மனம் கடன்காரனைக் கண்டவன்போல் ஒளிந்துகொள்ளும். கிழமையில் ஒரு பாடவேளையை ஒன்றுங் குறியாது வெறுமையாக விடுக. மழை மிக்குப் பிள்ளைகள் சிலரே வந்த நாளின் கதையும், அவர்கள் கேட்கும் எதிர்பாரா வினாவும் அதில் இடம்பெறட்டும்.

இன்று யாம் ஐந்து மணிக்கு எழும் நாளுமுண்டு, எழாத நாளுமுண்டு. ஒரு பக்கம் படியாது உறங்கிய நாட்கள் சில. ஆயின் அவற்றுள் இரண்டு சேர்ந்து வந்ததில்லை. பாடசாலை வாயில் இன்றும் குறித்த நேரத்தில் மூடப்படுகின்றது, மணியும் ஒலிக்கின்றது. மூடிய கதவினருகே பிந்திய பிள்ளை நிற்பின், கதவைத் திறந்து உள்ளே இருத்தியபின் காரணம் வினாவுகின்றோம். துறையிற் கண்ட மாணாக்கனுக்கு இது பயன்படாது. அவனுக்கு யாம் இழைத்தது இழைத்ததே. அவன்போல் வேறொரு பிள்ளை உங்கள் கதவுக்கு வெளியே நில்லாதிருப்பானாயின், இதனை எழுதிய பயன் எமக்குக் கிட்டும்.